படம் திருத்தும் டூல்கள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று மலையக நகரங்களில் ஸ்டுடியோவிலும் கொமினிகேஷன் கடையிலும் வேலைக்குச் சேரும் இளைஞர்களும், கணினி வகுப்புக்கு வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பதில்கள் போட்டோஷொப், கிம்ப் ஆகிய படம் திருத்தும் மென்பொருள்கள் இரண்டுக்கும் பொருந்தும்; வேறுபடும் இடங்களில் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம். ஷொட்கட்கள் எல்லாம் விண்டோஸ் கீபோர்டுக்கானவை.

1. போட்டோஷொப் வாங்கக் காசு இல்லீங்க. எதுல பழகுறது?

கிம்ப்பில் பழகுங்கள். அது முழுக்க இலவசம், 4 ஜிபி ரெம் உள்ள பழைய லெப்டொப்பிலும் ஓடும். இன்ஸ்டோல் செய்ய முடியாத கணினியாக இருந்தால் பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீயைத் திறக்கலாம். பார்வைக்குப் போட்டோஷொப் மாதிரியே இருக்கும், போட்டோஷொப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி பைலையும் திறக்கும். கையில் போன் மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீட். டூலின் பெயரும் இடமும் மாறினாலும் லேயர், மாஸ்க், கேர்வ்ஸ் (கேள்வி 6, 8, 12) ஆகியவற்றின் வேலை எங்கும் ஒன்றே.

பென் டிரைவில் கைமாறும் 'கிராக்' போட்டோஷொப்பை மட்டும் போடாதீர்கள். அதோடு கூடவே வேவு பார்க்கும் புரோகிராம்களும் உள்ளே வரும். கடைக் கணினியில் ஊராரின் அடையாள அட்டைக் கொப்பியும் பிறப்புச் சான்றிதழும் கிடக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

2. இடது பக்கம் இத்தனை டூல் இருக்கே, எல்லாத்தையும் படிக்கணுமா?

வேண்டாம். முதல் மாதத்துக்கு ஆறு போதும்: மூவ், க்ரொப், லசோ, பிரஷ், குளோன் ஸ்டாம்ப், ஹீலிங். மற்றவை பெரும்பாலும் இவற்றின் தம்பி தங்கைகள்தான். டூலின் மூலையில் சின்ன முக்கோணம் தெரிந்தால், அதன் அடியில் அதே வகை டூல்கள் ஒளிந்திருக்கின்றன. மவுஸை அமத்திப் பிடித்தால் வெளியே வரும்.

டூலைவிட முக்கியமானது அதன் ஒப்ஷன் பட்டை. போட்டோஷொப்பில் மேலே, கிம்ப்பில் டூல்பெட்டிக்குக் கீழே இருக்கும். ஒரே பிரஷ், ஒபாசிட்டி (பூச்சின் அடர்த்தி) 100இல் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும். 15இல் கன்னத்துக்குப் பவுடர் போடும். பிரஷ் அளவை மாற்ற ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டாம், சதுர அடைப்புக்குறி கீ இரண்டும் அதற்குத்தான். தப்பினால் கொன்ட்ரோல் + இசட்.

3. ஏதோ அமத்திட்டேன், டூல்பெட்டியே காணாமப் போச்சு!

டேப் கீயில் கை பட்டிருக்கும். இன்னொரு தடவை அமத்துங்கள், வந்துவிடும். வராவிட்டால் போட்டோஷொப்பில் விண்டோ மெனுவில் வேர்க்ஸ்பேஸ், அதில் ரீசெட். கிம்ப்பில் விண்டோஸ் மெனுவில் 'அண்மையில் மூடிய டொக்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதிலிருந்து எடுக்கலாம்.

4. போன்ல எடுத்த படத்தை 4×6 அடிச்சா தலை வெட்டுப்படுது. ஏன்?

போன் கெமரா பெரும்பாலும் 4:3 என்ற விகிதத்தில் படம் எடுக்கும். 4×6 தாளின் விகிதமோ 3:2. உதாரணமாக 4000×3000 பிக்சல் படத்தை அந்தத் தாளில் நிரப்பினால் 4000×2667தான் கொள்ளும். உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். படம் அச்சடிக்கும் லெப் மெஷினுக்குத் தலை எது, தரை எது என்று தெரியாது. மேலும் கீழும் சமமாக வெட்டிவிடும்.

அதனால் வெட்டை நீங்களே செய்யுங்கள். க்ரொப் டூலில் விகிதத்தை 3:2 என்று கட்டிவிட்டு, சட்டத்தை மேலே தள்ளித் தலையைக் காப்பாற்றி, காலடியில் கிடக்கும் வெறுந்தரையை விட்டுக்கொடுங்கள். கோயில் வாசலில் ஐம்பது பேர் நிற்கும் குழுப்படம் என்றால் எடுக்கும்போதே தலைக்கு மேல் இடம் விடுவதுதான் வழி. பிறகு எந்த டூலும் இல்லாத இடத்தைத் தராது.

5. க்ரொப், இமேஜ் சைஸ், கேன்வஸ் சைஸ், மூணும் ஒண்ணுதானே?

இல்லை. க்ரொப் படத்தின் ஓரத்தை வெட்டுகிறது. இமேஜ் சைஸ் முழுப் படத்தையும் பெருக்குகிறது அல்லது சுருக்குகிறது. கேன்வஸ் சைஸ் படத்தைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள தாளை மட்டும் பெரிதாக்குகிறது. இமேஜ் சைஸில் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவே உள்ள சங்கிலிக் குறி அறுந்திருந்தால் முகம் இழுபட்டுப்போகும்.

பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 4×6க்கு 1200×1800, 8×12க்கு 2400×3600, ஏ4 தாளுக்கு 2480×3508. வட்ஸ்அப்பில் வந்த 600×400 படத்தில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) பெட்டியில் 72ஐ அழித்து 300 என்று எழுதினால் தரம் கூடாது. 'ரீசாம்பிள்' குறி எடுபட்டிருந்தால் அங்குலக் கணக்கு மட்டும் சுருங்கும். குறி போட்டிருந்தால் மென்பொருள் இல்லாத பிக்சலை ஊகித்து நிரப்பும், அதுவே அந்த மொழுமொழுப்புக்குக் காரணம்.

35×45 மில்லிமீற்றர் படத்துக்கு 413×531 பிக்சல். 4×6 தாள் ஒன்றில் இப்படி எட்டுப் படம் அடங்கும்: நீளவாக்கில் நான்கு, இரண்டு வரிசை. ஆனால் தேசிய அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டுடியோவில்தான் படம் எடுக்க வேண்டும். வீட்டில் வெட்டித் தயாரித்ததைக் கொடுத்து யாரையும் அலைய விடாதீர்கள்.

6. லேயர்னா என்னன்னு ஒருத்தரும் விளங்குற மாதிரி சொல்லலை.

வீட்டில் சுவாமி படத்தின் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைக்கிறோம். பார்ப்பவர் கண்ணுக்குப் பொட்டு நெற்றியில் இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் பொட்டு போகும், படத்துக்கு ஒன்றும் ஆகாது. லேயர் அந்தக் கண்ணாடி. வேலை முழுவதையும் கண்ணாடியின் மேல் செய்தால் அடியில் உள்ள படம் பழுதாகாது.

ஆகவே படத்தைத் திறந்ததும் செய்யும் முதல் காரியம் லேயரைக் கொப்பி செய்வது: போட்டோஷொப்பில் கொன்ட்ரோல் + ஜே, கிம்ப்பில் ஷிஃப்ட் + கொன்ட்ரோல் + டி. வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்ற போட்டோஷொப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் உண்டு; நாளைக்கும் திறந்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம். 2025இல் வந்த கிம்ப் 3.0இலும் பில்டர்களை இப்படிப் பிறகு மாற்றத்தக்கதாக வைக்கலாம். பழைய கிம்ப் என்றால் கொப்பி லேயரில் செய்து, ஒபாசிட்டியைக் குறைத்து அளவைக் கட்டுப்படுத்துங்கள்.

7. பிரஷ்ஷைத் தேய்க்கிறேன் தேய்க்கிறேன், ஒண்ணுமே விழுகுதில்லை.

இந்த வரிசையில் பாருங்கள். சரியான லேயரில் நிற்கிறீர்களா? அந்த லேயருக்குப் பக்கத்தில் கண் குறி இருக்கிறதா, பூட்டு இல்லையா? எங்காவது பழைய செலக்ஷன் (முன்பு தெரிவுசெய்த பகுதி) மிச்சமிருக்கிறதா? பெரிதாக்கிப் பார்க்கையில் எறும்பு ஊர்வது போன்ற கோடு திரைக்கு வெளியே போயிருக்கும். கொன்ட்ரோல் + டி அமத்தினால் போட்டோஷொப்பில் கழன்றுவிடும், கிம்ப்பில் ஷிஃப்ட் + கொன்ட்ரோல் + ஏ. பிறகு பிரஷ்ஷின் ஒபாசிட்டி. கடைசியாக, லேயருக்குப் பதில் அதன் மாஸ்க் தெரிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை செலக்ஷன்தான் குற்றவாளி.

8. இரேசர் இருக்கும்போது மாஸ்க் எதுக்கு?

இரேசரால் அழித்தது போனது போனதுதான். மாஸ்க் அழிப்பதில்லை, மறைக்கிறது. கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். காதோரம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் எக்ஸ் கீயால் நிறத்தை மாற்றி வெள்ளையைப் பூசினால் காது திரும்பிவிடும். கீழே வரும் பதில்களில் பல மாஸ்க்கை நம்பியே இருக்கின்றன, ஆகவே இதைக் கை பழகும்வரை செய்து பாருங்கள்.

கிம்ப்பில் இரேசர் போட்டால் பின்புறம் வெள்ளையாக வருகிறதே என்பவர்களுக்கு: ஜேபெக் படத்தில் ஒளிபுகும் தன்மை கிடையாது. லேயர் மெனுவில் டிரான்ஸ்பேரன்சி, அதில் 'அட் அல்பா செனல்' கொடுக்க வேண்டும்.

9. ஆளை வெட்டி எடுத்தா கத்தரிக்கோல்ல வெட்டின மாதிரி இருக்கு. முடியெல்லாம் போயிருது.

முழு உருவத்தையும் ஒரே டூலால் வெட்டப் பார்ப்பதுதான் பிழை. சட்டை, தோள், கை போன்ற தெளிவான ஓரங்களுக்குப் பென் டூல் அல்லது லசோ. ஒரே நிறமான சுவருக்கு மெஜிக் வொண்ட். அதன் 'டொலரன்ஸ்' 20 முதல் 30க்குள் தொடங்குங்கள், கூடினால் வெள்ளைச் சட்டையும் சுவரோடு சேர்ந்து போகும். முடிக்குப் போட்டோஷொப்பில் 'செலக்ட் அண்ட் மாஸ்க்', அதில் ஓரம் திருத்தும் பிரஷ்ஷை முடி நுனியில் மட்டும் ஓட்டுங்கள்.

வெட்டியதும் அழிக்காமல் மாஸ்க்காக மாற்றி, ஓரத்தை 1 பிக்சல் அளவுக்கு மென்மையாக்குங்கள். ஸ்டுடியோ அளவு பெரிய படத்துக்கு 2. அதைத் தாண்டினால் ஆளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். பழைய பின்னணியின் பச்சை முடி ஓரத்தில் ஒட்டியிருந்தால் மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே சுருக்குங்கள். மல்லிகைச் சரம் வைத்த பெண்பிள்ளையின் தலையை வெட்ட அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பூவாகப் போக வேண்டிய வேலை அது.

10. பனி மூட்டத்துல எடுத்த படம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு. தெளிவாக்கலாமா?

வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸைத் திறந்து அதில் உள்ள மேடு பள்ள வரைபடத்தைப் பாருங்கள். இடது முனை 0 என்றால் முழுக் கறுப்பு, வலது முனை 255 முழு வெள்ளை. அம்பேவல, பட்டிப்பொலப் பக்கம் மூட்டத்தில் எடுத்த படத்தில் மேடு முழுவதும் நடுவில் குவிந்திருக்கும், இரண்டு முனையும் வெறுமையாகக் கிடக்கும். இடது முக்கோணத்தை மேட்டின் அடிவாரம்வரை கொண்டுபோங்கள். வலது முக்கோணத்தை அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னேயே நிறுத்துங்கள். போட்டோஷொப்பில் ஆல்ட் கீயை அமத்திக்கொண்டு நகர்த்தினால் எந்த இடம் விவரம் இழக்கிறது என்று திரையிலேயே காட்டும்.

இதில் ஒரு விஷயம். பனி குறை அல்ல. பின்னால் உள்ள மலை வெளிறி இருப்பதால்தான் அது தூரத்தில் இருக்கிறது என்று கண் அறிகிறது. அதையும் கறுப்பாக்கினால் மலை வந்து தேயிலைச் செடி மேல் ஒட்டிக்கொள்ளும். லெவல்ஸ் லேயரின் மாஸ்க்கில் கிரேடியன்ட் டூலைக் கீழிருந்து மேலாக இழுத்து, முன்னால் உள்ள செடிக்கு முழு அளவும் தூரத்து மலைக்குக் கொஞ்சமுமாக விடுங்கள். 'டீஹேஸ்' என்ற ஸ்லைடரை 20, 25க்கு மேல் ஏற்றினால் வானத்தில் புள்ளி புள்ளியாகவும் மலை ஓரத்தில் கறுப்பு வளையமாகவும் வரும்.

11. தேயிலை நீலமா விழுகுது. சரி செஞ்சா பிளாஸ்டிக் பச்சையாயிருது.

மூட்டத்திலும் மர நிழலிலும் வெளிச்சமே நீலம் கலந்தது. முதலில் வெள்ளைச் சமநிலையைத் திருத்துங்கள்: லெவல்ஸில் உள்ள நடு ஐடிராப்பரால் (நிறம் எடுக்கும் சொட்டுக்குழாய்க் குறி), உண்மையில் சாம்பலாக இருக்க வேண்டிய ஒன்றில் கிளிக் செய்யுங்கள். சீமெந்துத் தரை நல்லது. பனியில் கிளிக் செய்தால், பனியில் உள்ள நீலத்தை எடுக்கப்போய் ஆட்களின் முகம் ஆரஞ்சாகிவிடும்.

பிறகு பச்சை. எல்லோரும் சச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) மொத்தமாக ஏற்றுகிறார்கள், அதுதான் பிளாஸ்டிக் ஆவதற்குக் காரணம். இலையின் நிறம் படத்தில் பெரும்பகுதி மஞ்சள் பிரிவில்தான் இருக்கிறது. ஹியூ/சச்சுரேஷனில் 'மஞ்சள்' என்பதைத் தெரிவுசெய்து அதை 10 அளவுக்கு மட்டும் கூட்டிப் பாருங்கள். கொழுந்து இளமஞ்சளாகவும் முற்றிய இலை கரும்பச்சையாகவும் தனித்தனியே தெரிய வேண்டும். அந்த வித்தியாசம் மறைந்த படத்தைத் தோட்டத்தில் வேலை செய்த எவரும் ஒரே பார்வையில் பொய் என்பார்.

12. "மூஞ்சிய கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க"ன்னு கேக்குறாங்க. எந்த டூல்?

அப்படிக் கேட்பவர் அநேகமாகச் சொல்ல வருவது 'என் முகம் தெரியவில்லை' என்பதைத்தான். பின்னால் வெள்ளை வானமோ பனியோ இருந்தால் கெமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தை இருட்டாக்கிவிடும். வெள்ளைச் சேலை, வெள்ளை யூனிபோர்ம் பெரிதாக விழுந்தாலும் அப்படியே. நெற்றிவரை முக்காடு போட்டு மலையில் நிற்பவருக்குக் கண்ணே நிழலில் போய்விடும். அது வெளிச்சத்தின் குறை, தோலின் குறை அல்ல.

ஆகவே வெளிச்சத்தைத் திருத்துங்கள். வெளிச்சத்தை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கேர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டின் கீழ்ப்பாதியில் ஒரு புள்ளி வைத்துச் சற்று மேலே தூக்குங்கள். மாஸ்க்கை கொன்ட்ரோல் + ஐ மூலம் கறுப்பாக்கிவிட்டு, மென்மையான ஓரமுள்ள பெரிய பிரஷ்ஷில் வெள்ளை எடுத்து, ஒபாசிட்டி 20இல் முகத்தில் பூசுங்கள். கழுத்து, காது, கைகளையும் சேர்த்துப் பூச வேண்டும். விட்டால் முகமூடி போட்ட மாதிரி நிற்கும். ஐடிராப்பரைக் கன்னத்தில் வைத்து எண்களைப் பாருங்கள்: சிவப்பு அதிகம், அடுத்து பச்சை, கடைசி நீலம். மூன்றும் ஒன்றையொன்று நெருங்கினால் தோல் சாம்பலாகிறது என்று அர்த்தம். ஹியூ/சச்சுரேஷனில் உள்ள 'லைட்னஸ்' ஸ்லைடர் செய்வது அந்தச் சாம்பலைத்தான், அதை முகத்தில் தொடவே வேண்டாம்.

ஒருவரின் நிறத்தை மாற்றிக் கொடுப்பதை நாங்கள் சொல்லித்தருவதில்லை. வெளிச்சம் திருத்திய படத்தை முதலில் திரையில் காட்டுங்கள். கண்ணும் சிரிப்பும் தெரிந்த பிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

13. படத்துக்குக் குறுக்கால கரண்ட் கம்பி போகுது. குளோன் ஸ்டாம்ப்பா, ஹீலிங்கா?

குளோன் ஸ்டாம்ப் ஓரிடத்தை அப்படியே எடுத்து வேறிடத்தில் அச்சடிக்கிறது. ஹீலிங் அதே இழையை எடுத்தாலும், வெளிச்சத்தையும் நிறத்தையும் சுற்றுப்புறத்தோடு கலக்கிவிடுகிறது. வானத்துக் கம்பிக்கு ஹீலிங். போட்டோஷொப்பின் ஸ்பொட் ஹீலிங்கில் ஒரு முனையில் கிளிக் செய்து, மறுமுனையில் ஷிஃப்ட் அமத்தி கிளிக் செய்தால் நேர்கோட்டில் போகும். கம்பி கூரையையோ தலையையோ தொடும் இடத்தில் ஹீலிங் அழுக்காகக் கலங்கும். அங்கே குளோன் எடுங்கள்.

குளோனுக்கு எங்கிருந்து எடுப்பது என்பதைப் போட்டோஷொப்பில் ஆல்ட் + கிளிக், கிம்ப்பில் கொன்ட்ரோல் + கிளிக் மூலம் காட்ட வேண்டும். லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டுக்) கூரைத் தகரத்தில் வேலை செய்யும்போது தகரத்தின் மேட்டிலிருந்து எடுத்து மேட்டிலேயே வையுங்கள், பள்ளத்தில் வைத்தால் வரிசை முறிந்து உடனே கண்ணில் படும். மூல இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே மேகம் மூன்று இடத்தில் இருந்தால் திருத்தம் செய்தது குழந்தைக்கும் தெரியும். போட்டோஷொப்பில் இதை வெறும் புது லேயரில், 'சாம்பிள்' என்பதை 'கரன்ட் அண்ட் பிலோ' ஆக வைத்துச் செய்யலாம். கிம்ப்பில் ஹீலிங்குக்கு லேயரின் கொப்பி வேண்டும்.

14. தாத்தாவோட பழைய போட்டோ பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு. காப்பாத்த முடியுமா?

முடியும், ஆனால் டூலுக்கு முன் கை. மலையகத்தின் ஈரத்தில் பழைய படத்தின் ஜெலட்டின் படலத்தைப் பூஞ்சணம் தின்கிறது. தின்ற இடம் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும், ஈரத் துணி பட்டால் முகமே வழிந்து போகலாம். மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டுவதோடு நிறுத்துங்கள். படம் சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் இந்தியாவுக்கும் பாதி இங்குமாகப் பிரிந்த வீடுகளில், போனவர்களின் ஒரே அடையாளம் இப்படி ஒரு படமாக இருக்கலாம். முதல் ஸ்கேன் முடியும்வரை வேறு எதையும் செய்யத் துணியாதீர்கள்.

600 டிபிஐ, சின்னப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். அதில் ஒரு பயன் இருக்கிறது. கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று செனல்களால் ஆனது; மஞ்சள் கறை நீலச் செனலில் அதிகமாகவும் சிவப்புச் செனலில் மிகக் குறைவாகவும் தெரியும். செனல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சிவப்பை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பல கறைகள் தேய்க்காமலே மறைந்துவிடும். ஸ்கேனர் இல்லாவிட்டால், மேகமூட்டமான பகலில் ஜன்னலோரம் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், போனை நேர் மேலே பிடித்து எடுங்கள்.

பிறகு லெவல்ஸ் (கேள்வி 10), பின்னணிப் புள்ளிகளுக்கு ஹீலிங், கிழிசலுக்குக் குளோன் (கேள்வி 13). முகத்தைக் கடைசியில், பெரிதாக்கி, மிகச் சின்னப் பிரஷ்ஷில் தொடுங்கள். தழும்பு, மச்சம், மூக்குத்தி எது, பூஞ்சணப் புள்ளி எது என்று வீட்டாரிடம் கேட்காமல் ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

15. ஏஐல ஒரே அமத்துல பழைய முகம் புதுசா வருதே, அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?

அது முகத்தைச் சுத்தம் செய்வதில்லை. கண் இருந்த இடத்தில் பத்துப் பிக்சல்தான் மிச்சம் என்றால், தான் பழகிய ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஒரு கண்ணை ஊகித்து வைக்கிறது. தெளிவாக இருக்கும், ஆனால் தாத்தாவின் கண்ணாக இருக்காது. வானம், சுவர், தரைக்கு ஏஐ நன்றாக உதவும். முகத்துக்குப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் அதைத் தனி லேயரில் வைத்து ஒபாசிட்டியை 30க்குள் இறக்கி, அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கேன் செய்த அசல் பைலையும் சேர்த்தே வீட்டாரிடம் கொடுங்கள்.

16. மங்கலான படத்தை ஷார்ப்பன் பண்ணினா தெளிவாகுமா?

கெமரா போகஸ் தவறியதோ, ஆள் அசைந்ததோ என்றால் ஆகாது. படத்தைச் சுருக்கும்போது வரும் மென்மையைத்தான் ஷார்ப்பன் சரிசெய்யும். போட்டோஷொப்பின் அன்ஷார்ப் மாஸ்க்கில் அளவு 80 முதல் 120, ரேடியஸ் 1, திரெஷோல்ட் 3 என்று தொடங்கி, 100 சதவீதப் பார்வையில் வைத்துப் பாருங்கள். ரேடியஸ் கூடினால் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும். கடைசி வேலையாக, பிரிண்ட் அளவுக்கு மாற்றிய பிறகே செய்யுங்கள். போன் படங்கள் கெமராவிலேயே ஒரு தடவை கூர்மையாக்கப்பட்டவை, அவற்றுக்குப் பாதி அளவு போதும்.

17. தமிழ்ல எழுதினா எழுத்து உடைஞ்சு வருது.

இரண்டு வேறு நோய்கள். 'கொழுந்து' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால், போட்டோஷொப் யூனிகோட் தமிழைச் சேர்க்கத் தெரியாத அமைப்பில் இருக்கிறது. பழைய போட்டோஷொப் என்றால் பிரிஃபரன்சஸில் 'டைப்' பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தெரிவுசெய்து, போட்டோஷொப்பை மூடித் திறந்து, பராகிராப் பெனலின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி' அமைப்பைக் கொடுங்கள். கிம்ப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

மற்றது பாமினி. அது யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கும் பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அறிவித்தல் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோட் எழுத்தின் மேல் பாமினி எழுத்துருவைப் போட்டாலும் தமிழ் சரியாக வராது. வேறு அச்சகத்துக்கு அனுப்புவதானால் எழுத்து லேயரை ரெஸ்டரைஸ் செய்த (படமாக மாற்றிய) ஒரு கொப்பியையும் சேர்த்து அனுப்புங்கள். மரண அறிவித்தலில் பெயர் பிழையாக வந்தால் திரும்ப அடித்துக் கொடுக்க நேரம் இருக்காது.

18. சேவ் பண்ணப் பண்ணப் படம் கெட்டுப்போகுமா?

ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேவ் செய்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும். திறந்து பார்ப்பதாலோ கொப்பி எடுப்பதாலோ போகாது. வேலையைப் பிஎஸ்டி அல்லது கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆக வைத்துக்கொண்டு, கொடுக்கும்போது மட்டும் ஜேபெக் எடுங்கள். கிம்ப்பில் 'சேவ்' எக்ஸ்சிஎஃப் மட்டுமே தரும். ஜேபெக்குக்கு 'எக்ஸ்போர்ட்', தரம் 90க்கு மேல். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பிக்சல் குறையும், 'டொக்யுமென்ட்' ஆக அனுப்புங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போவதை எதிர்பார்த்தே வேலை செய்யுங்கள். போட்டோஷொப் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்புப் பிரதி எடுக்கும். கிம்ப் தானாகச் சேவ் செய்யாது. கொன்ட்ரோல் + எஸ் கைப்பழக்கமாக வேண்டும்.

19. மொனிட்டர்ல நல்லா இருக்கு, பிரிண்ட் இருட்டா வருதே?

திரை தானே ஒளிர்கிறது, தாள் வெளிச்சத்தைத் திருப்பி மட்டுமே தருகிறது. மொனிட்டர் முழுப் பிரகாசத்தில் இருந்தால் இருட்டுப் படமும் நல்லதாகவே தெரியும். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெள்ளையாகத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். லெப்புக்கு அனுப்பும் படம் எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் இருக்கட்டும். முழு அல்பத்தையும் அனுப்பும் முன் மூன்று 4×6 மட்டும் அடித்துப் பாருங்கள்: ஒரு முகம், ஒரு பச்சை, ஒரு சிவப்புப் பட்டு.

20. இறந்துபோன அப்பாவைக் கல்யாணப் படத்துல சேர்க்கச் சொல்றாங்க. எங்க தொடங்குறது?

படத்தைத் தெரிவுசெய்வதில் தொடங்குங்கள். வீட்டில் உள்ள எல்லாப் படங்களையும் கேட்டு வாங்கி, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று மூக்கின் நிழலைப் பாருங்கள். கல்யாணப் படத்தில் இடமிருந்து வெளிச்சம் என்றால் அப்பாவின் படத்திலும் இடமிருந்தே இருக்க வேண்டும். தலை கல்யாணப் படத்தில் உள்ள தலைகளின் அளவோ அதைவிடப் பெரிதோ ஆக இருக்கட்டும். சுருக்கலாம், பெருக்கினால் கேள்வி 5இல் சொன்ன மொழுமொழுப்பு வரும்.

கேள்வி 9இல் சொன்னபடி வெட்டி, மற்றவர்களுக்குப் பின்வரிசையில் யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பாதமும் தரை நிழலும் வரைய வேண்டியிருக்காது. கண்மட்டத்தைப் பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிடுங்கள். நிறத்தைக் கேர்வ்ஸின் சிவப்பு, நீலக் கோடுகளால் அருகில் உள்ள முகத்துக்கு நெருக்குங்கள். அப்பாவின் படம் கறுப்பு வெள்ளை என்றால், முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குவது நிறம் பூசுவதைவிட மேல். தோள் படும் இடத்தில் மல்டிப்ளை (அடியில் உள்ளதைக் கருமையாக்கும்) லேயரில் மென்மையான கறுப்புப் பிரஷ், ஒபாசிட்டி 15. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே 2 சதவீத அளவு நொய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் இரண்டு கெமராவின் இழையும் ஒன்றாகும். பிறகு படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். அதுவரை தெரியாத பிசகு அப்போது தெரியும்.

பிரிண்ட் எடுத்ததும் பின்பக்கத்தில் பென்சிலால், யார் பிறகு சேர்க்கப்பட்டவர், எந்த ஆண்டில் என்று எழுதிவிடுங்கள். அப்பாவின் அசல் படத்தைத் தனியாக ஒரு பிரதி அடித்து அதே கவரில் வையுங்கள்.